ஆறு வாரம் பாரம் தூக்காதே

(சங்கத்தின் குடும்பச் சந்திப்பு, மாலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை ஓரளவு அப்படியே விட்டிருக்கிறேன்.)



தலைப்பைச் சொன்னதும் செயலாளர் கொஞ்சம் யோசித்தார். “ஏம்ப்பா, பாய்லர், பாலம், சோலார்னு ஏதாவது பேசலாமே, குடும்பத்தோட எல்லாரும் வர்றாங்க” என்றார். குடும்பத்தோடு வருவதால்தான் இதைப் பேச வேண்டும் என்று சொன்னேன். மனுஷர் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். 2024 பிப்ரவரியில் என் மனைவிக்குத் தொய்ந்த மார்பகத்தை உயர்த்தித் தைக்கிற ஆபரேஷன் நடந்தது. ஆங்கிலத்தில் பிரெஸ்ட் லிஃப்ட் என்கிறார்கள். டாக்டர்கள் வாயில் அது மாஸ்டோபெக்ஸி. செய்துகொண்டது வெளியில் மெல்லத் தெரிந்ததும், நம்ம நண்பர்கள் வீட்டிலிருந்தே மூன்று பேர் தனித்தனியாக அவளுக்குப் போன் செய்தார்கள். மூன்று பேரும் ரகசியமாக, குரலைத் தாழ்த்தி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல். ஒருவர் ஏற்கெனவே ஏதோ ஒரு இடத்தில் முன்பணம் கட்டிவிட்டிருந்தார். அங்கே யார் ஆபரேஷன் செய்யப் போகிறார், அவர் என்ன படித்தவர் என்பதுகூட அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்ட பிறகுதான், இதை மேடையில் பேசிவிடலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவளே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், கோடு தாண்டினால் கையைக் காட்டுவாள்.

முதலில் காரணம். எங்களுக்கு இரண்டு குழந்தைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடையில் பதினெட்டு கிலோவை ஒன்றரை வருஷத்தில் குறைத்தாள். காலையில் அம்மா மண்டபம் வரை நடை, அரிசியைக் குறைத்தது, இவ்வளவுதான். எடை குறைந்தது, தோல் குறையவில்லை. ஸ்ரீரங்கத்து ஏப்ரல் மே வெயில் உங்களுக்குத் தெரியும். மார்பகத்தின் அடி மடிப்பில் வேர்வை தங்கி, தோல் சிவந்து, புண்ணாகி, பூஞ்சைக்கு மருந்து போட்டு, ஆறி, மறுபடி வந்து... மூன்று கோடை இப்படிப் போனது. இது பாதிக் காரணம். மீதிப் பாதி, கண்ணாடியில் பார்த்தால் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த இரண்டாவது காரணத்தை மறைத்துவிட்டு முதல் காரணத்தை மட்டும் சொல்லச் சொல்லிப் பலர் எங்களுக்கு யோசனை சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டாள். இரண்டையும் சேர்த்தே சொல் என்பதுதான் எனக்கு உத்தரவு.

“இது தேவையா?” இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிக்கையே வைக்கவில்லை. எனக்கு வேடிக்கையாக இருந்தது என்னவென்றால், 2022, 23ல் நம்ம காவிரிப் பாலத்தை மூடிப் போட்டு மாதக்கணக்கில் பழுது பார்த்தார்கள். ஊரே சுற்றிக்கொண்டு போனது. திட்டினோம், ஆனால் பாலத்துக்கு இது தேவையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சரி, பாலமும் பெண்ணும் ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். பாலம் இல்லாவிட்டால் நமக்குக் கஷ்டம். அவள் கஷ்டம் அவளுக்கு மட்டும்தானே தெரியும்.

இதே கேள்வியை அரசாங்கமே சந்தித்தது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் மார்பக அழகு அறுவைக்கென்று இலவச கிளினிக் தொடங்கினார்கள். அதுவரை புற்றுநோயில் மார்பகத்தை எடுத்தவர்களுக்கு மறுசீரமைப்பு செய்து வந்த துறை அது. அதோடு சேர்த்து, அளவோ வடிவமோ காரணமாக மனம் வருந்துகிறவர்களுக்கும் செய்வோம் என்றார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த விஜயபாஸ்கர், அழகு சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது என்கிற ரீதியில் பேசினார். இலவசமாகக் கொடுக்காவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான வழியிலோ போவார்கள் என்பது அவர் வாதம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை செய்தி போனது. உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் பற்றாதபோது இது எதற்கு என்று பொது சுகாதாரத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர்களே எதிர்த்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். பேராசிரியர் வெங்கடசாமி காலத்திலிருந்து, மில்லிலும் ஃபாக்டரியிலும் கை நசுங்கி வந்த தொழிலாளிகளுக்குக் கையைத் திருப்பிக் கொடுத்த துறை அது. அந்த 2018 பிப்ரவரியிலேயே கை மாற்று அறுவையும் அங்கே நடந்தது. கையைத் தைக்கிற அதே கைதான் இதையும் தைக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் சினிமா நடிகை மூக்கு மட்டும் நம் ஞாபகத்துக்கு வருவது நம்ம குறை.

இப்போது நம்ம பாஷைக்கு வருவோம், ஸ்ட்ரக்சர்.

மார்பகத்துக்குள் தசை கிடையாது. சுரப்பி, கொழுப்பு, இவற்றைத் தாங்க மெல்லிய நார் இழைகள். இந்த இழைகளை விவரித்தவர் ஆஸ்ட்லி கூப்பர் என்கிற ஆங்கிலேய சர்ஜன். 1840ல் மார்பகத்தின் உடலமைப்பு பற்றிப் புத்தகமே போட்டார். கூப்பர் லிகமெண்ட் என்று இன்றைக்கும் அவர் பெயர்தான். இந்த இழைகளும் மேல் தோலும் சேர்ந்துதான் மொத்த பாரத்தையும் தாங்குகின்றன. வருஷக்கணக்கில் நிலையான பாரம் தொங்கினால் எந்தப் பொருளும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். நாம் மூன்றாவது செமஸ்டரில் க்ரீப் என்று படித்து மறந்தோமே, கிட்டத்தட்ட அதுதான். நீண்ட இழை தானாகச் சுருங்காது. அதனால்தான் எந்த எண்ணெயும், எந்தக் க்ரீமும், எந்த மசாஜும் இதைத் தூக்காது. உடற்பயிற்சி செய்தால் அடியில் இருக்கிற மார்புத் தசை பலப்படும், நல்லதுதான், ஆனால் தொங்குவது தொங்கியபடியே இருக்கும். டி.வி.யில் விளம்பரம் பார்த்து இரண்டாயிரம் ரூபாய்க்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறவர்கள் அதைத் தலைக்குத் தேய்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பிள்ளைகளைப் பாதிக்கிற விஷயம். தாய்ப்பால் கொடுத்தால் தொய்ந்துவிடும் என்று நம்ம ஊரில் ஒரு பேச்சு. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பிரையன் ரிங்கர் குழுவினர் இதை ஆராய்ந்து சொன்னார்கள். வயசு, எத்தனை தடவை கர்ப்பம், உடல் எடை, எடை மிகுதியாகக் குறைந்தது, மார்பகத்தின் அளவு, புகைப் பழக்கம், இவைதான் காரணம். தாய்ப்பால் கொடுத்ததா இல்லையா என்பது ஒரு காரணமாகவே வரவில்லை. அடுத்த பிரசவத்துக்குக் காத்திருக்கிற பெண்ணிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்? அதிகமான தோலை வெட்டி எடுக்கிறார்கள், உள்ளே இருக்கிற திசுவை மேலே தூக்கி வடிவம் கொடுத்துத் தைக்கிறார்கள், காம்பையும் அதைச் சுற்றிய கருவட்டத்தையும் ரத்த ஓட்டம் அறாமல் ஒரு திசுப் பாலத்தோடு மேலே நகர்த்துகிறார்கள். காம்பைக் கழற்றி எடுத்து ஒட்டுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், வழக்கமான முறையில் அப்படி இல்லை. மார்பகம் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகாது. பெரிதாக வேண்டுமென்றால் உள்ளே சிலிக்கான் பை வைக்க வேண்டும், அது வேறு ஆபரேஷன், வேறு ஆபத்துகள், பின்னால் அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டி வரலாம். நாங்கள் முதலில் போன ஒரு இடத்தில், கேட்காமலேயே அதையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள், மாதத் தவணை இருக்கிறது என்று பேசினார்கள். மிக்ஸி விற்கிற மாதிரி இருந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

எவ்வளவு தொய்வு என்பதற்கு அளவு உண்டு. பால் ரெக்னோ என்கிற கனடா நாட்டுப் பெண் சர்ஜன் 1976ல் வகுத்தது. அடி மடிப்புக் கோடுதான் டேட்டம் லைன். காம்பு அந்தக் கோட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் முதல் நிலை. அதைவிடக் கீழே, ஆனால் மார்பகத்தின் மிகத் தாழ்ந்த பகுதிக்கு மேலே இருந்தால் இரண்டாம் நிலை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நிலை. நிலையைப் பொறுத்து வெட்டு மாறும். லேசான தொய்வுக்குக் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டு. அடுத்தது வட்டமும் அதிலிருந்து நேர் கீழாக ஒரு கோடும், குச்சி மிட்டாய் மாதிரி. அதிகத் தொய்வுக்கு, இவற்றோடு அடி மடிப்பில் குறுக்காக இன்னொரு கோடும் சேரும், நங்கூரம் மாதிரி. இந்தக் கடைசி முறைக்கு இன்றும் பயன்படுகிற வரைபடத்தை 1956ல் கொடுத்தவர் ராபர்ட் வைஸ். பெண்கள் உள்ளாடை தைக்கிற பேட்டர்னிலிருந்து அவர் அதை எடுத்தார். பெரிய கடை வீதியில் பிளவுஸுக்கு டாட் பிடிக்கிற டெய்லரிடம் காட்டினால் அவருக்கு உடனே புரிந்துவிடும். நமக்குத்தான் நேரம் ஆகும். என் மனைவிக்கு இரண்டாவது முறை, குச்சி மிட்டாய்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம். ஆபரேஷன் அன்று காலையில், மயக்கம் கொடுப்பதற்கு முன், அவளை நிற்க வைத்து டாக்டர் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டார். ஏனென்றால் படுத்துவிட்டால் பாரம் பக்கவாட்டில் சரிந்து, அளவே மாறிவிடும். லோடு இருக்கும்போதே மார்க்கிங். தையலுக்கு நடுவில் டேபிளின் முதுகுப் பக்கத்தை உயர்த்தி உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்துவிட்டுத்தான் முடிப்பார்களாம். இதைக் கேட்ட பிறகு அந்த டாக்டர் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆபரேஷனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை அதிகமில்லை, ஆனால் விடக்கூடாதவை. எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதே நல்லது. கர்ப்பம் எல்லாவற்றையும் திரும்ப நீட்டிவிடும், ஆபரேஷனுக்குப் பிறகு பால் கொடுப்பதிலும் சிலருக்குச் சிரமம் வரலாம். பால் நிறுத்திச் சில மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சிகரெட் பழக்கம் இருந்தால் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பின்பும் தொடக்கூடாது. ரத்த நாளம் சுருங்கினால் காம்புக்கு ரத்தம் போகாது. ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்குகிற மாத்திரைகளையும், நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாற்பது வயசைத் தாண்டியவர்களுக்கு மேமோகிராம் முதலில். வயசு எதுவானாலும், கட்டி கையில் தட்டுப்பட்டால் அழகு விஷயத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் இறுக்கமான சர்ஜிக்கல் பிரா, இரவும் பகலும். சித்திரை வெயிலில் அது நரகம். மார்கழியில் வைத்துக்கொண்டால் வாசலில் குனிந்து கோலம் போட முடியாது, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நெஞ்சில் ஒரு முழங்கை பட்டால் முடிந்தது கதை. அதனால் உற்சவம் முடிந்து, வெயில் ஆரம்பிப்பதற்குள், தை கடைசி. இதை அவள்தான் கணக்குப் போட்டாள், என் ப்ராஜெக்ட் ஷெட்யூல் எதுவும் இவ்வளவு சுத்தமாக அமைந்ததில்லை.

தில்லைநகரில் ஒரு மருத்துவமனை. முழு மயக்கம், இரண்டரை மணி நேரம், மறுநாள் மத்தியானம் வீடு. சிலரை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். முதல் இரண்டு நாள் வலி உண்டு. கத்தி வலி என்று சொல்ல முடியாது, பால் கட்டிக்கொண்ட மாதிரி ஒரு இறுக்கமும் எரிச்சலும் என்றாள். எழுதிக் கொடுத்த மாத்திரையை நேரத்துக்குப் போட்டதில் அடங்கியது. மயக்க மருந்தால் குமட்டல் ஒரு நாள், வலி மாத்திரையால் மலச்சிக்கல் நாலு நாள். இரண்டு பக்கமும் பென்சில் கனத்தில் டிரெயின் குழாய், நுனியில் ஒரு பல்பு. எல்லா டாக்டரும் வைப்பதில்லை, எங்கள் டாக்டர் வைத்தார். அதில் சேருகிற நீரை அளந்து எழுதுவது என் வேலை. இடது, வலது, தேதி, நேரம், மில்லி என்று பத்தி போட்டு எழுதினேன். ஒரு நாளுக்கு முப்பது மில்லிக்குக் கீழே இறங்கியதும், மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். என் லாக் ஷீட்டைப் பார்த்து நர்ஸ் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

படுப்பது மல்லாந்துதான், தலைப்பக்கம் உயர்த்தி. பாயில் படுத்துப் பழகியவள், கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்திருக்க முடியாது என்பதால் கட்டிலுக்கு மாறினாள். நைட்டியைத் தலை வழியாகப் போட முடியாது. முன்னால் பட்டன் வைத்த என் பழைய சட்டைகள் ஆறு வாரம் அவளுடையவை. நாலைந்து தலையணை, முன்னால் ஜிப் வைத்த உள்ளாடை மூன்று, ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிற பாட்டில் ஒன்று, இவற்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளிலிருந்தே வீட்டுக்குள் மெல்ல நடக்க வேண்டும், காலில் ரத்தம் உறையாமல் இருக்க.

பெரிய கஷ்டம் வலியில் இல்லை, வீட்டு வேலையில்தான். கை தோளுக்கு மேலே போகக்கூடாது, இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. நம்ம வீட்டில் ஒரு பெண் காலையிலிருந்து என்னவெல்லாம் தூக்குகிறாள் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். தண்ணீர் வாளி, கிரைண்டர் கல், ஐந்து லிட்டர் குக்கர், பரணில் இருக்கிற அண்டா, கொடியில் ஈரப் போர்வை, பால் பாக்கெட் பை, எல்லாவற்றுக்கும் மேலே நாலு வயசுப் பிள்ளை, பதினாறு கிலோ, “அம்மா தூக்கு” என்று கையை விரித்துக்கொண்டு. முதல் வாரம் அவன் அழுததும் அவள் அழுததும்தான் எங்கள் வீட்டில் உண்மையான வலி. பிறகு அவள் சோபாவில் உட்கார்ந்துகொள்வாள், அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொள்வான் என்று ஒரு ஏற்பாடு வந்தது. தலைக்குக் குளிக்கக்கூடக் கை உயராது, என் அம்மாதான் உட்கார வைத்துத் தலை அலசிவிட்டார். “இது தேவையா”வை எல்லாரையும்விட அதிக தடவை கேட்ட அதே அம்மா. வீட்டில் இன்னொரு ஆள் இல்லாமல், குறைந்தது இரண்டு வாரத்துக்கு, இந்த ஆபரேஷனுக்கு நாள் குறிக்காதீர்கள். ஆண்கள் லீவு போடுங்கள். கிரைண்டரை நீங்கள் கழுவுங்கள்.

பத்தியம் பற்றி ஒரு சண்டை நடந்தது. பருப்பு சேர்த்தால் சீழ் பிடிக்கும், தயிர் கூடாது, கத்தரிக்காய் கூடவே கூடாது என்று அம்மா. மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் டாக்டரைக் கேட்டால், புண் ஆற புரதம்தான் வேண்டும், பருப்பு, பால், தயிர், சுண்டல் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள் என்றார். கத்தரிக்காய்க்கு மட்டும் அம்மா கடைசி வரை இறங்கி வரவில்லை. போகட்டும்.

ஏன் ஆறு வாரம்? திருச்சிக்காரர்களுக்கு வெல்டிங் தெரியும், பி.எச்.இ.எல். ஊர் இது. போட்ட வெல்டு ஆறுவதற்குள் லோடு ஏற்றுவோமா? தைத்த தோலின் பலம் முதல் வாரக் கடைசியில் பழைய பலத்தில் பத்து சதவீதம்தான். மூன்று மாதம் ஆனால் எழுபது, எண்பது சதவீதம். நூறு என்றைக்கும் வராது. அதுவரை உள்ளே போட்ட தையல்தான் பாரத்தை வாங்கிக்கொள்கிறது, அதற்கு உதவியாக வெளியே பிரா. நடுவில் ஒரு நாள் சிலிண்டரை நகர்த்தினேன் என்று யாராவது சொன்னால், அந்தத் தழும்பு அகலமாகிவிடும். அவள் கம்ப்யூட்டர் முன் உட்காருகிற வேலைக்கு இரண்டாவது வாரம் முடிந்து திரும்பினாள். ஸ்கூட்டி ஒரு மாதத்துக்குப் பிறகுதான், நம்ம ரோட்டுப் பள்ளங்களை டாக்டர் அறிந்தவர். காரில் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சின்னத் தலையணை.

பார்க்க எப்படி இருக்கும் என்று யாரும் முன்னால் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். முதல் சில வாரம் நன்றாகவே இருக்காது. வீக்கம், பச்சை மஞ்சள் கன்றல், அளவுக்கு மேல் உயரத்தில் ஏற்றி வைத்த மாதிரி, அடிப்பக்கம் தட்டையாக, தையல் ஓரம் சுருக்கம். மூன்றாவது வாரத்தில் அவள் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், “இருந்ததையும் கெடுத்துக்கிட்டேனோ” என்று. டாக்டரிடம் போனில் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. பாதிப் பேருக்கு இந்த நாள் வரும், மூன்று மாதம் கழித்துப் பேசுங்கள் என்றார். மூன்று மாதத்தில் இறங்கி உருண்டு இடத்துக்கு வந்தது. முழுசாகப் படிய ஆறு மாதம் முதல் ஒரு வருஷம். காம்பில் உணர்ச்சி சில மாதம் மரத்துப் போயிருக்கும், பெரும்பாலும் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். இரண்டு பக்கமும் அச்சு வார்த்த மாதிரி சமமாக இருக்காது, முன்பும் இருந்ததில்லை.

தழும்பு நிச்சயம். தழும்பு இல்லாத பிரெஸ்ட் லிஃப்ட் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். முதலில் சிவந்து தடித்து, ஒன்று இரண்டு வருஷத்தில் வெளுத்து மெலியும். நம்மைப் போல மாநிறம், கறுப்புத் தோல்காரர்களுக்குக் கெலாய்டு என்கிற தடித்த தழும்பு வர வாய்ப்பு அதிகம். காது குத்தின இடத்தில், தடுப்பூசி போட்ட இடத்தில் உங்களுக்கு அப்படி வந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். சிலிக்கான் ஜெல் ஷீட் ஒட்டச் சொன்னார்கள், மாதக்கணக்கில் ஒட்டினாள். இன்னொரு உண்மை, இது நிரந்தரம் இல்லை. புவியீர்ப்பு லீவு எடுப்பதில்லை. ஆனால் பழைய நிலைக்கு அப்படியே போய்விடாது, எடையைக் காப்பாற்றினால் வருஷக்கணக்கில் நிற்கும். பின்னால் மேமோகிராம் எடுக்கும்போது இந்த ஆபரேஷன் நடந்ததைச் சொல்ல வேண்டும், உள்தழும்பு படத்தில் தெரியும்.

பணம். எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கம்பெனி இன்சூரன்ஸ் கொடுக்குமா என்று மனப்பால் குடிக்காதீர்கள். அழகு அறுவைக்குப் பாலிசிகளில் விலக்கு என்று ஒழுங்குமுறை ஆணையமே பொதுவாக வகுத்த ஷரத்து இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான மறுசீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு அவசியம் என்று டாக்டர் சான்று கொடுத்தால் அதற்கும் மட்டும் விதிவிலக்கு. மற்ற சிகிச்சைக்குக் கிடைக்கிற ஜி.எஸ்.டி. விலக்கும் அழகு அறுவைக்கு இல்லை, எஸ்டிமேட் வாங்கும்போதே வரி சேர்த்தா என்று கேளுங்கள். டாக்டர் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்.ஸுக்கு மேலே பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு முடித்தவரா, மருத்துவ கவுன்சிலில் பதிவு உண்டா, மயக்க டாக்டர் யார், ராத்திரி ஏதாவது ஆனால் ஐ.சி.யூ. அங்கேயே இருக்கிறதா, இந்த நாலையும் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அது தப்பான இடம்.

பின்வரிசையில் சிரிக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்களுக்கும் மார்பகம் வளர்வது உண்டு, கைனகோமாஸ்டியா என்று பெயர். விடலைப் பருவத்தில் பல பையன்களுக்கு வந்து தானாகவே போகும், சிலருக்குப் போகாது. ஹாஸ்டல் நாட்களில் எல்லாரும் முக்கொம்பில் குதிக்கும்போது சட்டையைக் கழற்றாமல் கரையில் உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன் உங்கள் பேட்ச்சிலும் இருந்திருப்பான். அவனுக்கு நீச்சல் தெரியாது என்று நினைத்தோம். அதற்கும் இதே டாக்டர்களிடம் சிகிச்சை இருக்கிறது, ஸ்டான்லி கிளினிக்கும் ஆண்களைச் சேர்த்தே அறிவித்தது.

கடைசியாக, வீட்டுக்கு வந்த பிறகு எந்த நேரமானாலும் போனை எடுக்க வேண்டிய சமயங்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கிக் கல் மாதிரி ஆனால், உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. காம்பு கறுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அப்படியே. 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழ், நாற்றம், கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், மூச்சுத் திணறல், இவை எதற்கும் கஷாயம் வைத்துப் பார்க்காதீர்கள். கருவட்டத்துக்குக் கீழே தையல் கோடுகள் சந்திக்கிற முனையில் ஒரு பட்டாணி அளவு வாய் பிளந்து நீர் கசிவது மட்டும் அடிக்கடி நடப்பதுதான். எங்களுக்கும் நடந்தது. டிரெஸ்ஸிங்கிலேயே மூன்று வாரத்தில் மூடிக்கொண்டது.

சகோதரிகள் யாருக்காவது தனியாகக் கேட்க வேண்டியிருந்தால் என்னிடம் வேண்டாம், சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மகளிர் ஓய்வறைப் பக்கத்து வராந்தாவில் இருப்பாள். அதோ, கையைக் காட்டிவிட்டாள்.